பனி அறுத்த கம்பி

யூனிட் கணக்கு – 11

சென்ற வாரம் பிரேசிலைப் பார்த்தோம். 2001-ல் அணைகளில் நீர் குறைந்தபோது, வீட்டுக்கு வீடு இவ்வளவுதான் மின்சாரம் என்று அங்கே அரசு அளவு விதித்தது. மீறினால் அபராதம். அப்படி எந்த அளவும் விதிக்காமல், முறை வைத்து மின்வெட்டும் செய்யாமல், மின் பயன்பாட்டைக் கால்வாசி குறைத்துக்கொண்ட ஊர் ஒன்று உண்டு. அமெரிக்காவின் அலாஸ்கா மாநிலத் தலைநகரான ஜூனோ.

ஜூனோவுக்கு வெளியூரிலிருந்து சாலை கிடையாது. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் மலையும் பனிப்பாறைகளும். போனால் கப்பலில் போக வேண்டும், இல்லாவிட்டால் விமானம். சுமார் 30,000 பேர் வாழும் இந்த ஊரின் மின்கம்பியும் எந்த வெளியூரோடும் இணைந்ததில்லை. பற்றாக்குறை வந்தால் அண்டை ஊரிடம் வாங்கிச் சமாளிக்க முடியாது. தென்கிழக்கே சுமார் 65 கிலோமீட்டர் தொலைவில் உள்ள ஸ்னெட்டிஷம் நீர்மின் நிலையம்தான் ஊருக்கு ஆதாரம். அங்கிருந்து செங்குத்தான மலைச்சரிவுகளின் ஊடாக ஒரே ஒரு மின்தொடர் வருகிறது.

2008 ஏப்ரல் 16 அன்று அந்தச் சரிவில் பனி பெயர்ந்து விழுந்தது. உயரழுத்தக் கோபுரங்கள் சாய்ந்தன. ஊரின் மின்சாரத்தில் ஐந்தில் நான்கு பங்கு நின்றுபோனது. ஆனால் ஜூனோ இருளில் கிடக்கவில்லை. இப்படி ஒரு நாள் வரும் என்று தெரிந்தே டீசல் ஜெனரேட்டர்களைத் தயாராக வைத்திருந்தார்கள். சிக்கல் டீசலின் விலையில் இருந்தது. கச்சா எண்ணெய் பீப்பாய்க்கு 100 டாலரைத் தாண்டி ஏறிக்கொண்டிருந்த மாதங்கள் அவை.

1893-லிருந்து அந்த ஊருக்கு மின்சாரம் கொடுத்துவரும் அலாஸ்கா எலெக்ட்ரிக் லைட் அண்ட் பவர் நிறுவனம் சில நாட்களிலேயே உண்மையைச் சொல்லிவிட்டது. பழுதுபார்க்க மூன்று மாதம் ஆகலாம். அதுவரை டீசல் செலவு கட்டணத்தில் ஏறும். யூனிட்டுக்குச் சுமார் 11 சென்ட்டாக இருந்தது 50 சென்ட்டுக்கு மேல் போகும். ஏறத்தாழ ஐந்து மடங்கு. கேட்பவர் வயிறு கலங்கும் செய்திதான். ஆனாலும் அந்த நிறுவனம் செய்த மிக நல்ல காரியம் இதுவே என்பேன். பில் வீட்டுக்கு வந்து சேர்ந்த பிறகு காரணம் சொல்லியிருந்தால், மக்களுக்குக் கோபம்தான் மிஞ்சியிருக்கும். முன்கூட்டியே சொன்னதால் ஏதாவது செய்ய அவகாசம் கிடைத்தது.

நகராட்சியும் அரசு அலுவலகங்களும் முதலில் தங்கள் கட்டடங்களில் விளக்குகளைக் குறைத்தன. கடைக்காரர்கள் பாதி விளக்கில் வியாபாரம் செய்தார்கள். ‘ஜூனோ அன்பிளக்டு’ என்ற பெயரில் பிரசாரம் நடந்தது. எந்தக் கருவி எவ்வளவு மின்சாரம் இழுக்கும், எதை அணைத்தால் எவ்வளவு மிச்சமாகும் என்று ஊருக்குச் சொல்லித் தந்தார்கள். இந்த விவரம் முக்கியமானது. மிச்சப்படுத்துங்கள் என்று பொதுவாகச் சொன்னால், நம்மில் பலர் கூடத்து விளக்கை அணைத்துவிட்டு, வாட்டர் ஹீட்டரை ஓடவிட்டிருப்போம்.

துணி காயவைப்பதையே எடுத்துக்கொள்ளுங்கள். ஜூனோ ஓயாமல் மழை பெய்யும் ஊர். அங்கே துணியைக் கொடியில் போடுவது என்பது நம்மைப் போல மொட்டைமாடி விவகாரம் அல்ல. மின்சார உலர்த்தி அங்கே ஆடம்பரமும் அல்ல. அப்படிப்பட்ட ஊரில் மக்கள் கொடிக்கயிறும் கிளிப்பும் தேடிக் கடைகடையாக அலைந்தார்கள். வீட்டுக்குள்ளேயே கயிறு கட்டி ஈரத்துணியைத் தொங்கவிட்டார்கள். குண்டு பல்புகள் போய் சிஎஃப்எல் வந்தது. வெந்நீரின் சூடும் அறையின் சூடும் இறங்கின. டிவி, கம்ப்யூட்டர் பிளக்குகளைப் பிடுங்கி வைத்தார்கள். ஏப்ரல், மே மாதங்களில் அங்கே பகல் நீண்டுகொண்டே போகும் என்பது ஒரு கொடுப்பினை. இதுவே டிசம்பராக இருந்திருந்தால் கதை வேறு.

வெய்ன் லெய்ட்டி, ஆலன் மையர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் பின்னர் இதைக் கணக்கெடுத்தார்கள். முந்தைய ஆண்டின் அதே காலத்தோடு ஒப்பிட்டால், நெருக்கடி நாட்களில் பயன்பாடு 25 சதவீதம் குறைந்திருந்தது. ஒரு சராசரிக் குடும்பம் சிக்கனத்துக்காகப் 10 காரியங்களைச் செய்திருந்தது.

விலை ஐந்து மடங்கானால் எவரும் குறைக்கத்தானே செய்வார்கள் என்று கேட்கலாம். விலைக்குப் பங்கு உண்டு, மறுக்கவில்லை. மின்சாரத்தாலேயே வீட்டைச் சூடாக்கிக்கொண்டிருந்த ஏழைக் குடும்பங்களை அது கடுமையாக வாட்டியிருக்கும் என்பதையும் மறக்கக் கூடாது. ஆனால் பனி சரிந்த சில நாட்களிலேயே பயன்பாடு இறங்கத் தொடங்கிவிட்டது. உயர்ந்த கட்டணத்தோடு பில் அப்போது எவர் கைக்கும் வந்திருக்கவில்லை. என்ன நடந்தது, எத்தனை நாள் நீடிக்கும், தான் என்ன செய்யலாம் என்ற மூன்றும் ஒவ்வொருவருக்கும் தெரிந்திருந்தன. மூன்றில் ஒன்று குறைந்திருந்தாலும் இது நடந்திருக்காது என்று நான் நம்புகிறேன்.

மூன்று மாதம் என்று அஞ்சிய வேலை ஒன்றரை மாதத்தில் முடிந்தது. ஜூன் தொடக்கத்தில் ஸ்னெட்டிஷம் மின்சாரம் திரும்பியது, கட்டணமும் பழைய நிலைக்கு வந்தது. என்னைப் பெரிதும் ஈர்ப்பது அதன் பிறகு நடந்ததுதான். மலிவு விலை திரும்பிய பின்னும் 8 சதவீதச் சிக்கனம் நிலைத்து நின்றது. மாற்றிய பல்பை எவரும் கழற்றிப் பழையதைப் போடப் போவதில்லை. பழகிய கையும் சுவிட்சைத் தேடிப் போய்க்கொண்டேதான் இருக்கும். அரசுகள் ஆண்டுக்கணக்கில் விளம்பரம் செய்தும் எட்டுவதற்குத் திணறும் அளவு இது.

2009 ஜனவரியில் அதே மின்தொடர் மீது மறுபடி பனி சரிந்தது. இம்முறை குளிர்காலத்தின் நடுவே. ஜூனோ மீண்டும் டீசலுக்குப் போனது, பயன்பாட்டையும் மீண்டும் குறைத்தது.

30,000 பேர் உள்ள ஊரில் இது முடியும், கோடிக்கணக்கானோர் வாழும் பெருநகரில் முடியுமா? 2011 கோடையில் டோக்கியோ வட்டாரத்தில் 500 கிலோவாட்டுக்கு மேல் வாங்கும் நிறுவனங்களில் பெரும்பாலானவை உச்ச நேரப் பயன்பாட்டில் 15 சதவீதத்தைக் குறைக்க வேண்டும் என்று ஜப்பான் அரசு ஆணையிட்டது. அந்தக் கோடையை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)