உளப்புண்ணும் செறிமுறைச் சிகிச்சையும்: காரைக்கால் கடற்கரையை முன்னிட்டு ஓர் ஆய்வு

புண் என்பதும் வடு என்பதும் ஒருபொருட் சொற்கள் அல்ல. ஆறிய புண் விட்டுச்செல்லும் அடையாளமே வடு. யாழ்ப்பாணத்து உளமருத்துவ அறிஞர் தயா சோமசுந்தரம், பேரச்சத்தால் உள்ளம் உறும் ஊறுபாட்டைப் பற்றிய தம் நூலுக்கு 'மனவடு' எனப் பெயரிட்டார். அச்சொல் தமிழில் நிலைபெற்றும் விட்டது. ஆயினும் இக்கட்டுரையில் யாம் ஆராயப் புகுவது ஆறாத நிலையினை ஆதலின், 'உளப்புண்' என்னும் சொல்லையே ஆள்கின்றோம். ஆறியது எனக் கருதப்பட்டு ஆறாமலே கிடப்பது யாது என்பதே ஈண்டுக் கேள்வி.

2004 ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 26 ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை காலையில், சுமத்திரா அருகே எழுந்த நிலநடுக்கத்தின் விளைவாகிய ஆழிப்பேரலை சோழமண்டலக் கரையை மோதிற்று. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரவர்க்கு மேற்பட்டோர் மாண்டனர். புதுச்சேரி ஆட்சிப்பகுதியில் மாண்டோர் ஏறத்தாழ அறுநூற்றுவர். அவருள் பெரும்பாலோர் காரைக்கால் வட்டாரத்தினர். காவிரிக் கழிமுகத்தில், தமிழ்நாட்டு மாவட்டங்கள் மூன்று புறமும் சூழ, ஒரு புறம் கடலாக அமைந்த சிறு நிலப்பரப்பு இது. பட்டினச்சேரி, கிளிஞ்சல்மேடு, காரைக்கால்மேடு முதலிய மீனவர் ஊர்களில் அந்நாள் இன்றும் ஆண்டுதோறும் நினைவுகூரப்படுகின்றது. அன்று பத்து வயதினராய் இருந்தோர் இன்று தம் மக்களைப் பள்ளிக்கு அனுப்பும் பருவத்தினர்.

மெய்ப்பாட்டியலில் அச்சம் பிறக்கும் நிலைக்களன்கள் நான்கெனத் தொல்காப்பியர் வகுத்தார். தெய்வம், விலங்கு, கள்வர், அரசன் என்பன அவை. கடல் அவற்றுள் இடம்பெறவில்லை. இதனை மிகைபடப் பொருள்கொள்ளல் ஆகாது. எனினும், உணவளிக்கும் களமே அச்சத்தின் களமும் ஆகுமாயின் அதனின் விலகி வாழ்தல் நெய்தல் மக்களுக்கு இயலாது என்பதனை நினைவிற்கொள்ளல் வேண்டும். ஊர்தி விபத்தில் அஞ்சியவன் அச்சாலையை விடுத்து வேறு சாலையிற் செல்லலாம். கடலோடிக்கு வேறு கடல் இல்லை.

பேரிடருக்கு ஆட்பட்டோர் அனைவரும் உளநோயர் ஆவர் என்பது பிழை. பெரும்பாலோர் சுற்றத்தின் துணையாலும், சடங்குகளாலும், ஒப்பாரியாலும், தொழிலுக்கு மீள்வதாலும் தேறுகின்றனர். தமிழ்நாட்டு மீனவர் ஊர் ஒன்றில் ஆழிப்பேரலைக்கு இரு திங்கள் கழித்து நிகழ்ந்த ஆய்வொன்று, வயது வந்தோருள் நூற்றுக்கு ஏறத்தாழப் பதின்மூவர்க்கு இந்நோய் இருந்ததெனக் கண்டது. பெண்டிரும், காயமுற்றோரும், வருவாய் இழந்தோரும் அவருள் மிகுதி. இச்சிறுபான்மையோரைக் குறித்ததே எம் ஆராய்ச்சி.

நோயின் இயல்பு யாது? நிகழ்ச்சி முடிந்தது என்பதனை அறிவு அறியும்; நினைவு அறியாது. அலையின் இரைச்சல், உப்பு நீரின் சுவை, கை நழுவிய ஒரு சிறு கை ஆகியவை காலமும் இடமும் அற்ற துண்டுகளாகத் தங்கி, ஒரு காற்றொலியால் மீண்டும் இன்றைய நிகழ்ச்சியாகவே எழுகின்றன. நோயுற்றோர் அவற்றைத் தவிர்க்க முயல்வர். தவிர்க்குந்தோறும் நினைவு திருத்தம் பெறாது நிற்கும். ஆதலின் சிகிச்சையின் உயிர்நிலை, அந்நிகழ்ச்சியை முதலிலிருந்து இறுதிவரை, பயிற்சி பெற்ற ஒருவர் முன்னிலையில், உணர்வோடு எடுத்துரைத்து அதனை அதற்குரிய காலத்தில் நிறுத்துதலே.

இதனை வாரம் ஒரு மணி நேரமாகப் பல திங்கள் செய்தல் வழக்கம். சின்னாட்களிலே செறித்துச் செய்யலாகுமோ? 2014 இல் வெளிவந்த அங்கே ஏலர்ஸ் குழுவினரின் இங்கிலாந்து ஆய்வு இதற்கு விடை தருகின்றது. நோயர் 121 பேரை நான்கு பகுதியாக்கினர். ஒரு பகுதியினர்க்குச் சிகிச்சை முழுவதும் ஏழு நாட்களில் செறித்து அளிக்கப்பட்டது; மற்றொரு பகுதியினர்க்கு அதே சிகிச்சை மூன்று திங்கள் வாரந்தோறும் அளிக்கப்பட்டது; மூன்றாம் பகுதியினர்க்கு வாரந்தோறும் பரிவுடன் கேட்டல் மட்டும்; நான்காம் பகுதியினர் காத்திருந்தனர். நோய் நீங்கினோர் முறையே நூற்றுக்கு 73, 77, 43, 7 ஆவர். இரண்டாம் எண்ணையும் மூன்றாம் எண்ணையும் ஒப்பிடுக. இரண்டும் வாரமுறையே, வேறுபட்டது உட்பொருள். முதலிரண்டில் உட்பொருள் ஒன்றே, காலம் மட்டுமே வேறு. பயனோ ஏறத்தாழ ஒத்தது, செறிமுறையினர் விரைவில் தேறினர். ஆகவே, 'வாரத்திற்கு ஒருமுறை ஆறுதல் கூறினோம்' என்பதனைச் சிகிச்சை எனக் கணக்கிட்டு நிறைவுறுதல் தகாது. 2018 இல் அமெரிக்கப் படைவீரரிடையே எட்னா ஃபோவா குழுவினர் நிகழ்த்திய ஆய்விலும், பத்து அமர்வுகளை இரு வாரத்தில் முடித்தல், எட்டு வாரத்தில் முடித்தலினும் தாழ்ந்ததன்று எனக் கண்டனர்.

இவை அயல்நாட்டுச் செய்திகள் எனத் தள்ளற்க. ஆழிப்பேரலைக்குப் பின் வடகிழக்கு இலங்கையில், போரும் அலையும் ஒருங்கே தாக்கிய சிறார் 31 பேர்க்கு, இரு வாரத்தில் ஆறு அமர்வுகளாகச் சிகிச்சை அளிக்கப்பட்டது. அளித்தோர் மருத்துவர் அல்லர். பயிற்சி பெற்ற அவ்வூர் ஆசிரியர்களே. ஒரு பகுதியினர் தம் வாழ்வைக் கதையாக உரைத்தனர். இம்முறையில் ஒரு கயிற்றை நிலத்தில் நீட்டி, இன்ப நிகழ்ச்சிக்குப் பூவும் துன்ப நிகழ்ச்சிக்குக் கல்லும் வைத்து வாழ்நாள் முழுவதையும் காண்பது வழக்கம்; கூறியதனை எழுதி, அடுத்த அமர்வில் அவர்க்கே படித்துக் காட்டுவர். மற்றப் பகுதியினர் தியானமும் உடல்தளர்த்தலும் பயின்றனர். ஆறு திங்கள் கழித்து முதற் பகுதியினருள் நூற்றுக்கு 81 விழுக்காட்டினரும், இரண்டாம் பகுதியினருள் 71 விழுக்காட்டினரும் தேறியிருந்தனர். இவ்வேறுபாடு சிறிது, ஆய்வும் சிறிது, சிகிச்சை பெறாத பகுதி ஒன்று ஒப்புநோக்க இல்லாமையால் இயல்பாகத் தேறினோர் எத்துணையர் எனக் கூற இயலாது. ஆயினும், தமிழ் பேசும் சிற்றூரில், உள்ளூர் ஆசிரியரைக் கொண்டு இரு வாரத்தில் இதனைச் செய்ய முடியும் என்பது மெய்ப்பிக்கப்பட்டது.

காரைக்காற் கரைக்கு வாரமுறை பொருந்தாமைக்குத் தொழிலே காரணம். விசைப்படகினர் பல நாட்கள் கடலிலேயே தங்குவர். சிறு படகினர் விடியலுக்கு முன்னரே செல்வர். பெண்டிரோ கரைக்கு மீன் வரும் நேரம் பார்த்துச் சந்தைக்கு விரைவர். செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு வருக என்பது அலுவலகத்தார்க்கு எளிது. இவர்க்கு ஒரு நாட் கூலி. இரண்டு முறை வந்து மூன்றாம் முறை வாராதாரைப் பலரும் அக்கறையிலார் என்பர். நினைவைத் திறந்துவிட்டு மூடாமல் அனுப்பியோர் யாவர் என்பதனை எவரும் கேட்பதில்லை.

கீழைக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் மீன்பிடி தடைக்காலம். வலை பின்னலும் படகு பழுதுபார்த்தலும் நிகழும் அப்பருவத்தில் பத்து நாட்களை ஒருவர் ஒதுக்குதல் இயலும். பள்ளி விடுமுறையும் அதனுள் அடங்குதலால் பயிற்சி பெற்ற ஆசிரியரும் கிடைப்பர்.

செறிமுறையை வேறொன்றோடு மயக்குதல் கூடாது. இடர் நிகழ்ந்த சில நாட்களுக்குள் அனைவரையும் ஒருமுறை கூட்டி நடந்ததைக் கூறச் செய்யும் வழக்கம் முன்னர் இருந்தது. அது நோயைத் தடுப்பதில்லை என்றும், சிலர்க்குத் தீங்கும் பயக்கலாம் என்றும் ஆய்வுகள் காட்டின. செறிமுறையோ நோய் உறுதிப்பட்டார்க்கே உரியது. தற்கொலை எண்ணம் மேலோங்கி நிற்போர்க்கும், குடிக்கு அடிமையானோர்க்கும் முதலில் வேண்டுவன வேறு. மேலும், இறந்த மகவுக்காக அழுதல் நோயன்று. பிள்ளையை இழந்த தாய்க்கு அச்சம் நீங்கிய பின்னரும் இழப்பு எஞ்சும். அவளுக்குப் பத்து நாட்களில் முடியும் சிகிச்சை ஏதும் இல்லை. வாரந்தோறும் திண்ணையில் வந்தமர்ந்து அவள் மகனின் பெயரைக் கூறிப் பேசும் ஒருவரே வேண்டும்.