செயற்கைப் புல்லுக்கு அடியில் என்ன இருக்கிறது?

செயற்கைப் புல்லுக்கும் சித்த வைத்தியருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். இருக்கிறது.

திருவான்மியூர், பாலவாக்கம், நீலாங்கரை என்று கடற்கரையை ஒட்டிய பகுதிகளிலிருந்து மழைக்காலத்தில் வருகிறவர்கள் சொல்லும் குறைகள் ஏறக்குறைய ஒன்றுதான். 'கால் விரல் இடுக்கெல்லாம் புண் டாக்டர்', 'சாயங்காலம் ஆனா ஒரே கொசு', 'வாசல்ல ஒரு மாதிரி நாத்தம்'. விசாரித்தால் பல வீடுகளில் வாசலில் செயற்கைப் புல் விரித்திருப்பார்கள். "அதுக்கு அடியில என்ன போட்டிருக்கு?" என்று கேட்டால் மட்டும் பதில் வராது.

நோயின் வேர் பல நேரம் அங்கேதான் இருக்கிறது.

மணல் ஒரு வரப்பிரசாதம்

நெய்தல் நிலத்தை உப்பும் வாதமும் மிகுந்தது என்று சித்த மருத்துவம் வகைப்படுத்துகிறது. ஆனால் அதே நிலத்துக்கு ஒரு நல்ல குணம் உண்டு. மணல் தண்ணீரைத் தேக்கி வைக்காது. களிமண் ஒரு மணி நேரத்தில் 1 முதல் 5 மில்லிமீட்டர் தண்ணீரைத்தான் குடிக்கும். மணலோ 30 மில்லிமீட்டருக்கும் மேல் குடித்துவிடும்.

பிறகு ஏன் தேங்குகிறது? நாம் மணலின் வாயை அடைத்து விடுகிறோம்! 'மணல் இளகும் சார், புல் மேடு பள்ளமாயிடும்' என்று சொல்லி சிமென்ட் கான்கிரீட் போடுகிறார்கள். அல்லது பாலிதீன் ஷீட் விரித்து, அதன்மேல் கிரஷர் தூளைக் கொட்டி இறுக்கி விடுகிறார்கள். மேலே பச்சைப் பசேலென்று இருக்கும். கீழே தண்ணீர் போக வழியில்லை.

ஒரு சின்னக் கணக்கு. 200 சதுர அடி வாசலில் ஒரு நாளில் 10 சென்டிமீட்டர் மழை பெய்தால் சுமார் 1,850 லிட்டர் தண்ணீர். இது எங்கே போகும்?

உடம்புக்கு வரும் கேடு

எப்போதும் நசநசவென்று இருக்கும் புல்லில் வெறுங்காலோடு நடந்தால் சேற்றுப்புண் எளிதில் வரும். சர்க்கரை நோயாளிகளுக்கு அது சாதாரண விஷயமில்லை.

அடுத்தது கொசு. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவுக்குக் கிணறு, குளம் தேவையில்லை. ஓரக் கால்வாயில் நிற்கும் கொஞ்சம் தண்ணீர் போதும். முட்டை கொசுவாக 7 முதல் 10 நாள் ஆகும். தண்ணீர் வற்றினாலும் முட்டை மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். அடுத்த மழையில் பொரிக்கும்.

மூன்றாவது, கிணற்று நீர். கடலோரத்தில் நன்னீர், உப்பு நீரின் மேல் மிதந்துகொண்டிருக்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் ஓர் அடி நன்னீர் நின்றால், கீழே சுமார் 40 அடி வரை நன்னீர் நிற்கும் என்பது கணக்கு. மேலே ஓர் அடி குறைந்தால் கீழே 40 அடி உப்பு ஏறும். தமிழகத்தில் 2003-ல் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியதன் அருமை கடலோரக்காரர்களுக்குத்தான் அதிகம் புரிய வேண்டும். வாசலைக் கான்கிரீட்டால் மூடுவது, நம் கிணற்றுக்கு நாமே மூடி போடுவது மாதிரி.

முதலில் ஒரு சோதனை

புல் போடும் இடத்தில் ஓர் அடி ஆழம் குழி தோண்டி, தண்ணீர் ஊற்றி வற்ற விடுங்கள். மறுபடி நிரப்பி, ஒரு மணி நேரம் கழித்துப் பாருங்கள். வற்றியிருந்தால் கவலையில்லை. அப்படியே நின்றால் அடியில் களிமண்ணோ, பழைய கட்டட இடிபாடோ இருக்கலாம். அதை வெட்டி எடுக்கணும்.

கார்த்திகை, மார்கழியில் 3 அடி தோண்டினாலே தண்ணீர் ஊறும் வீடுகளும் உண்டு. அவர்கள் மணலை மட்டும் நம்பக் கூடாது. தளத்தை உயர்த்தி, தண்ணீரை ஓரக் கால்வாய்க்கு வாட்டம் காட்ட வேண்டும்.

கொத்தனாரிடம் என்ன சொல்வது?

1. ஐந்து அங்குலம் மணலை எடுத்துவிட்டு, தண்ணீர் தெளித்துத் திமிசுக் கட்டையால் இறுக்கச் சொல்லுங்கள்.

2. மணலின் மேல் ஜியோ டெக்ஸ்டைல் துணி விரிக்கணும். இது தண்ணீரை விடும், மணலை விடாது. இது இல்லாவிட்டால் ஜல்லி மணலுக்குள் இறங்கிவிடும். பாலிதீன் ஷீட் வேண்டவே வேண்டாம்.

3. அதன்மேல் முக்கால் அங்குல ஜல்லி 4 அங்குலம். மேலே கால் அங்குல சிப்ஸ் ஜல்லி 1 அங்குலம். தூள் கலக்காத ஜல்லியாக இருக்கட்டும்.

4. பத்து அடிக்கு ஒன்றேகால் அங்குலம் வாட்டம். வீட்டுச் சுவரை விட்டு வெளிப்பக்கம் போகணும். ரசமட்டம் வைத்துப் பாருங்கள்.

5. ஓரத்தில் செங்கல் கட்டினால் இடையிடையே துவாரம் விடச் சொல்லுங்கள்.

6. புல் வாங்கும்போது முதுகுப் பக்கம் துவாரங்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள். கடையிலேயே ஒரு குவளை தண்ணீர் ஊற்றிப் பார்ப்பதில் வெட்கம் வேண்டாம்.

7. புல்லுக்கு இடையில் தூவ, கழுவிய சிலிக்கா மணல்தான் சரி. கடற்கரை மணல் உப்பு, ஈரத்தை இழுக்கும்.

ஏற்கெனவே கான்கிரீட் போட்டாச்சா?

மழை விட்டதும் புல்லின் ஓரத்தைத் தூக்கி, எங்கே தண்ணீர் நிற்கிறது என்று அடையாளம் வையுங்கள். அந்தப் பள்ளங்களில் 2 அங்குலத் துளைகளை மணல் வரைக்கும் போட்டு, சிப்ஸ் ஜல்லி நிரப்பினால் பெரும்பாலும் தீர்ந்துவிடும். மொத்தத்தையும் பெயர்க்க வேண்டியதில்லை.

தினசரி கவனம்

ஓரக் கால்வாயையும் சேம்பரையும் வாரம் ஒருமுறை சுத்தம் செய்யுங்கள். நாய் வளர்ப்பவர்கள் அது சிறுநீர் கழித்த இடத்தை உடனே தண்ணீரால் அலசுங்கள். பினாயில், பிளீச்சிங் பவுடர் கரைசலெல்லாம் ஊற்றாதீர்கள். மேலே ஊற்றுவது மணல் வழியே கிணற்றுக்குத்தான் போகும். கோடை மத்தியானத்தில் இந்தப் புல் 60 டிகிரி செல்சியஸைத் தாண்டிச் சுடும். குழந்தைகளை வெறுங்காலோடு விடாதீர்கள்.

சேற்றுப்புண் ஆரம்பத்தில், காலைக் கழுவி ஈரமில்லாமல் துடைத்து, மருதாணி இலையை மஞ்சளோடு அரைத்துப் பூசி வரலாம். சர்க்கரை நோயாளிகள் மட்டும் கைவைத்தியம் பார்க்காமல் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். காய்ச்சல் வந்தாலும் அப்படித்தான். நிலவேம்புக் குடிநீர் குடித்துவிட்டோமே என்று சும்மா இருக்காதீர்கள். ரத்தப் பரிசோதனை அவசியம்.

புல்லின் நிறத்துக்கும் அடர்த்திக்கும் கடை கடையாய் ஏறி இறங்குகிறோம். கண்ணுக்குத் தெரியாத அந்த ஐந்து அங்குலத்துக்கும் கொஞ்சம் செலவு செய்யுங்கள். வைத்தியச் செலவைவிட அது குறைவுதான்.