காரைக் காக்கும் துணியைக் காப்போம்

ஜவ்வாது மலையில், கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 725 மீட்டர் உயரத்தில் உள்ளது காவலூர். அங்குள்ள வைணு பாப்பு வானாய்வகத்தின் 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986-ஆம் ஆண்டில் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. இத்தகைய தொலைநோக்கிகளின் ஆடி மீது பூசப்படும் அலுமினியப் படலம், தலைமுடியின் தடிமனில் பல நூறில் ஒரு பங்குதான் இருக்கும். அதில் தூசி படிந்தால், கையில் கிடைத்த துணியால் துடைத்துவிடுவதில்லை. துகள்களை ஊதி அகற்றுவார்கள், நீரால் கழுவுவார்கள், அதற்கும் மிஞ்சினால் பழைய படலத்தையே நீக்கிவிட்டுப் புதிதாகப் பூசுவார்கள். துணியைக் கண்டு அவர்களுக்கு அச்சமில்லை. துணிக்கும் ஆடிக்கும் நடுவே சிக்கிக்கொள்ளும் மணல் துகளைக் கண்டுதான் அச்சம்.

அதே மலைச்சாலையில் ஏறிவந்து, ஒரு புளியமரத்தடியில் உறை போட்டு நிறுத்தப்படும் காருக்கும் இந்தக் கணக்கு பொருந்தும். காரின் வண்ணத்துக்கு மேலே பளபளப்புக்காகப் பூசப்படும் தெளிபூச்சு பொதுவாக 40 முதல் 50 மைக்ரான் தடிமன் கொண்டது. சாலைப் புழுதியில் கலந்திருக்கும் குவார்ட்சின் கடினத்தன்மை மோஸ் அளவுகோலில் 7. பேனாக் கத்தியின் எஃகுகூட ஏறத்தாழ 5.5 தான். புழுதி படிந்த காரின் மீது உறையைப் போர்த்திவிட்டால், இரவெல்லாம் அடிக்கும் மலைக்காற்றில் அந்த உறை படபடத்து, உப்புத்தாளைப் போலத் தேய்த்துக்கொண்டே இருக்கும். காலையில் வெயில் படும்போது தெரியும் வலைப்பின்னல் போன்ற கீறல்களுக்கு, கார் கழுவுபவரை நாம் குறை சொல்கிறோம்.

ஆகவே, உறை என்பது சுவர் அன்று. அது ஓர் ஆடை. உடுத்துவதற்கு முன் உடலும் ஆடையும் தூய்மையாக இருக்க வேண்டும் என்பது குழந்தைக்கும் தெரிந்த செய்தி. ஆனால், ஆயிரக்கணக்கான ரூபாய் கொடுத்து வாங்கிய கார் உறையை ஆண்டுக்கு ஒரு முறையேனும் துவைப்பவர்கள் நம்மில் எத்தனை பேர்?

புழுதியைவிடப் பொல்லாதது ஈரம். மழைக்காலத்திலும் பனிக்காலத்திலும் மலையில் மண்ணிலிருந்து எழும் நீராவி, குளிர்ந்த உறையின் உட்புறத்தில் துளித்துளியாகப் படியும். உறை காற்றுப் புகாத பிளாஸ்டிக் பூச்சு கொண்டதாக இருந்தால் அந்த ஈரம் வெளியேற வழியில்லை. காலை வெயிலில் உள்ளே புழுக்கம் ஏறும். நாளடைவில் வண்ணத்தில் வெண்புள்ளிகள் தோன்றும். கீறல் விழுந்த இடத்தில் துரு பிடிக்கும். துணியில் பூஞ்சை படரும். 1823-இல் ஸ்காட்லாந்தின் சார்லஸ் மெக்கின்டாஷ் ரப்பர் பூசிய மழைத்துணிக்குக் காப்புரிமை பெற்றார். மழையை அது தடுத்தது; ஆனால், அணிந்தவரின் வியர்வையையும் உள்ளேயே அடைத்து வைத்தது. இருநூறு ஆண்டுகள் கடந்தும், கடையில் 'நூறு விழுக்காடு நீர்புகாது' என்ற சொல்லைக் கேட்டு மயங்குகிறோம். திறந்தவெளியில், அதிலும் மலையில் நிறுத்துபவருக்குத் தேவை, மழையை ஓரளவு தடுத்து ஆவியை வெளியே விடும் துணி. நனைந்த காரை மூடக் கூடாது. நனைந்த உறையை மடித்து டிக்கியில் திணிக்கவும் கூடாது. எந்தத் துணியாக இருந்தாலும், மழை விட்டவுடன் அதைக் கழற்றி உதற வேண்டும்.

துவைப்பது பெரிய வித்தையன்று. முதலில் உறையைக் கொடியிலோ தரையில் விரித்த பாயிலோ போட்டு, இருபுறமும் மென்மையான தூரிகையால் புழுதியைத் தட்டிவிட வேண்டும். இதைச் செய்யாமல் நனைத்தால் புழுதி சேறாகி இழைக்குள் இறங்கும். பிறகு குளிர்ந்த நீர், சிறிதளவு மென்மையான திரவ சோப்பு, ஒரு பஞ்சு. அவ்வளவுதான். பிளீச்சிங் பவுடர் இழையை அரிக்கும். துணியை மென்மையாக்கும் திரவமோ இழைகளின் மீது மெழுகுபோலப் படிந்து, ஆவி வெளியேறும் துளைகளை அடைத்துவிடும். நீரை வழுக்கச் செய்யும் பூச்சையும் கெடுக்கும். பறவை எச்சத்தைச் சுரண்டக் கூடாது. ஈரத்துணியைப் பத்து நிமிடம் போட்டு ஊறவைத்தால் தானே இளகும். மரப்பிசினைப் பனிக்கட்டி வைத்து இறுக வைத்தால் உதிர்ந்துவிடும். பூஞ்சைக்கு நீர் கலந்த வினிகர் போதும். அலசுவதில்தான் பொறுமை வேண்டும். சோப்பு சிறிது தங்கினாலும் அது புழுதியை ஈர்க்கும்.

முறுக்கிப் பிழிந்தால் பூச்சு வெடிக்கும். தண்ணீர் தானாக வடியும்படி நிழலில், காற்றோட்டத்தில் உலர்த்துவதே நல்லது. மடிக்கும்போது உட்புறம் உட்புறத்தோடு சேர வேண்டும். வெளிப்புறத்தின் அழுக்கு, வண்ணத்தைத் தொடும் பக்கத்தில் ஒட்டக் கூடாது. சாமையோ நெல்லோ காயவைக்கும் விவசாயி தார்ப்பாயின் எந்தப் பக்கம் தானியம் படும் என்பதில் காட்டும் கவனம்தான் இதுவும். இன்னொன்று: வாரக்கணக்கில் திறக்கப்படாத உறையின் இருட்டு, எலிகளுக்கு இலவச விடுதி. வாரம் ஒரு முறை திறந்து பார்ப்பது, மின்கம்பிகளை மாற்றும் செலவைவிட மலிவு.

வாகனத்தையும் உறையையும் ஓடைக்குக் கொண்டுபோய்க் கழுவும் வழக்கம் மலைப்பகுதிகளில் இன்னும் இருக்கிறது. இதை ஏற்க முடியாது. ஜவ்வாது மலையில்தான் செய்யாறு பிறக்கிறது. செங்கத்தையும் செய்யாறு நகரையும் தொட்டு ஓடிப் பாலாற்றில் கலக்கிறது. மலை ஓடையில் விடும் சோப்பு நுரையும், பாலியஸ்டர் துணியிலிருந்து கழன்று வரும் நுண்ணிழைகளும், எஞ்சின் எண்ணெய்ப் பிசுக்கும் சமவெளியின் கிணறுகளை நோக்கித்தான் பயணப்படும். நான்கைந்து வாளித் தண்ணீரில் வீட்டு முற்றத்திலேயே இந்த வேலை முடிந்துவிடும். கிழிந்துபோன உறையை எரிப்பதும் அவ்வாறே கூடாது, அது நச்சுப்புகையாகும். கிழியாத பகுதியை வெட்டி, விறகுக்கோ இருசக்கர வாகனத்துக்கோ மூடியாக இன்னும் சில ஆண்டுகள் பயன்படுத்தலாம்.