மொட்டை மாடியில் ரூம் கட்டப் போறீங்களா? கரண்ட் பில் எகிறாமல் இருக்க இதை கவனிங்க!

பிள்ளைக்குக் கல்யாணம், வாடகை வருமானம் என மொட்டை மாடியில் கூடுதலாக ஒரு ரூம் எழுப்புபவர்கள் பலர். ஆனால், மே மாதம் வந்தால் ராத்திரி 11 மணிக்கும் அந்த ரூம் அனலாகக் கொதிக்கும். ஏன்?

கூரைதான் காரணம்

பகல் முழுக்க வெயிலை வாங்கும் கான்கிரீட் தளம், அந்தச் சூட்டை இரவில் மெதுவாக உள்ளே இறக்குகிறது. அதனால் முதல் செலவு கூரைக்குத்தான். தளத்தின் மேல் செங்கல் ஜல்லி, சுண்ணாம்பு கலவை போட்டு, வெள்ளை நிற கூலிங் டைல்ஸ் ஒட்டலாம். பட்ஜெட் இடிக்கிறதா? வெள்ளை கூல் ரூஃப் பெயின்ட் அடிக்கலாம். தூசி படிந்தால் பலன் குறையும். அவ்வப்போது கழுவி விடணும்.

மேற்குச் சுவர் கவனம்

சாயங்கால வெயில் நேராக அடிக்கும் பக்கம் இது. இங்கே பெரிய ஜன்னல் வேண்டாம், வைத்தால் சன்ஷேட் கட்டாயம். ஏஏசி பிளாக் சாதாரண செங்கல்லை விட சூட்டைக் குறைவாகக் கடத்தும். எடையும் குறைவு என்பதால் கீழ்த்தளத்துக்குப் பாரம் குறையும்.

பில் கணக்கு

தமிழ்நாட்டில் இரண்டு மாதப் பயன்பாடு 500 யூனிட்டைத் தாண்டினால், கூடுதல் யூனிட்டுக்கு மட்டும் விலை ஏறாது. கீழ் யூனிட்களுக்குக் கிடைக்கும் சலுகையும் குறைந்துவிடும். ஏசியை 24 டிகிரியில் வைத்து, கூடவே ஃபேன் போடுங்க.

மறக்காதீங்க

பழைய பில்லரும் அஸ்திவாரமும் புது ரூமைத் தாங்குமா என இன்ஜினியரிடம் காட்டி, கட்டட அனுமதியும் வாங்கிய பிறகே வேலையைத் தொடங்குங்க. ஏசி வாங்குவது கடைசி வேலையாக இருக்கட்டும்!