கோல் விழாமல் பார்ப்பவர்

கடலூர் அண்ணா விளையாட்டரங்கில் மாலையில் கால்பந்து நடந்தால், ஐந்து நிமிடம் பந்தை விட்டுவிட்டு ஸ்டாப்பரை மட்டும் பாருங்கள். பத்திரிகைத் தமிழில் இவரைத் தடுப்பாட்டக்காரர் என்று எழுதுவோம். மைதானத்தில் நடுவில் நிற்பவர் ஸ்டாப்பர், ஓரத்தில் நிற்பவர் பேக். முதல் இரண்டு நிமிடம் அலுப்புத் தட்டும். ஆள் சும்மா உலாத்துவதுபோல இருக்கும். நாலு அடி முன்னே, இரண்டு அடி பின்னே. இடது தோளுக்கு மேலே ஒரு பார்வை, வலது தோளுக்கு மேலே ஒரு பார்வை. நடுநடுவே பக்கத்துப் பேக்கிடம் ஒரு அதட்டல். பந்து எதிரணியின் கோல் பக்கம் கிடக்கும்போதும் இந்த நடை ஓயாது. மூன்றாவது நிமிடத்தில் விஷயம் பிடிபடும். நம் ஆள் பந்தைப் பறிகொடுத்தால் அடுத்த உதை எந்தப் பக்கம் வரும் என்று கணக்குப் போட்டு, அதற்கு முன்பே அந்தப் பக்கம் போய்க்கொண்டிருக்கிறார்.

இந்த வேலையின் அடிப்படை பள்ளிக்கூட வடிவியல்தான். கோல் கம்பங்களுக்கு இடையே 7.32 மீட்டர். கோலுக்கு நேர் எதிரே, பெனால்டி பெட்டியின் விளிம்பில், அதாவது 16.5 மீட்டர் தொலைவில் ஒருவன் பந்தோடு நின்றால், இரண்டு கம்பங்களும் அவன் கண்ணில் ஏறத்தாழ 25 டிகிரி கோணத்தில் விரியும். அவனை ஓரத்துக்கு ஒதுக்கி, கிட்டத்துக் கம்பத்திலிருந்து பக்கவாட்டில் அதே 16.5 மீட்டர் தள்ளி, கோல் கோட்டிலிருந்து ஐந்தரை மீட்டரில் கொண்டுபோய் நிறுத்திவிட்டால், கோணம் ஐந்தரை டிகிரிக்குச் சுருங்கிவிடும். பந்து இன்னும் அவன் காலில்தான் இருக்கிறது, யாரும் பறிக்கவில்லை. ஆனாலும் ஐந்தில் நான்கு பங்கு ஆபத்து போய்விட்டது. கூட்டம் இதற்குக் கைதட்டாது. ஸ்டாப்பர் செய்யும் நல்ல காரியங்களில் பாதிக்கு மேல் இந்த வகைதான்.

ஒற்றைக்கு ஒற்றையாக எதிராளி பந்தோடு வரும்போது என்ன நடக்கிறது என்பதைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்கலாம். நல்ல ஸ்டாப்பர் நேராக நெஞ்சைக் காட்டி நிற்க மாட்டார். ஒரு காலை முன்னே வைத்து, உடம்பைச் சாய்வாகத் திருப்பி, முழங்காலை மடக்கி, எடையை முன்பாதத்தில் வைத்திருப்பார். கண் எதிராளியின் இடுப்பையோ தோளையோ பார்க்காது, பந்தையே பார்க்கும். தோள் பொய் சொல்லும், பந்து சொல்லாது. எதிராளிக்கும் தனக்கும் இடையே ஒன்றரை மீட்டர் விடுவார். இந்த ஒன்றரைக்குக் காரணம் உண்டு. கண்ணால் பார்த்ததற்கு உடம்பு அசைய மனிதருக்குச் சுமார் 0.2 விநாடி ஆகிறது. விநாடிக்கு 7 மீட்டர் வேகத்தில் வருபவன் அந்த நேரத்துக்குள் 1.4 மீட்டர் கடந்துவிடுவான். அதைவிடக் கிட்டே நின்றால், அவன் வெட்டித் திரும்பியதைப் பார்த்து முடிப்பதற்குள் ஆள் நம்மைத் தாண்டிப் போயிருப்பான். ரொம்பத் தள்ளி நின்றாலும் ஆகாது, நிமிர்ந்து பார்த்து ஷாட் அடிக்க இடம் கொடுத்ததாகிவிடும்.

பிறகு காத்திருப்பு. பின்வாங்கியபடியே, ஓரத்துக்குத் தள்ளியபடியே, எதிராளி பந்தை ஒரு சாண் கூடுதலாகத் தட்டிவிடும் நொடிக்காகக் காத்திருக்க வேண்டும். கபடியில் பாடி வருபவனின் கால் எப்போது ஊன்றும் என்று கார்னர் ஆட்டக்காரர் காத்திருப்பதைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். பந்து அவன் காலைவிட்டு விலகியிருக்கும் அந்த அரை நொடியில் முன்காலை நீட்டித் தட்டினால் டேக்கிள். அதற்கு முன்பே பாய்ந்தால் எடை ஒரு காலில் மாட்டிக்கொள்ளும், மறுபக்கம் திரும்ப முடியாது. புதிதாக ஆட வரும் பையன்களிடம் பயிற்சியாளர்கள் தொண்டை வற்றக் கத்துவது இதைத்தான்: "பாயாதே, நில்லு, தள்ளிக்கிட்டே போ."

டிவியில் பார்க்கும் சறுக்கு டேக்கிளை நம் பக்கத்து ஸ்டாப்பர்கள் அதிகம் போடுவதில்லை. கோழைத்தனம் என்று நினைக்க வேண்டாம், மண் அப்படி. சிதம்பரம் பக்கம் வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே வண்டல் களிமண். சித்திரையில் வெடித்துக் கல்லாகக் கிடக்கும். சறுக்கினால் முழங்கால் முதல் இடுப்பு வரை தோல் உரியும். ஐப்பசி, கார்த்திகையில் அதே மண் சேறு, ஸ்டட் போட்ட பூட்டும் வழுக்கும். காய்ந்த தரையில் பந்து எகிறும் உயரத்தைக் கணிப்பது தனிப் பாடம். புல்தரையில் வளர்ந்தவர் இங்கே வந்தால் முதல் பந்திலேயே தலைக்கு மேல் விட்டுவிடுவார். ஆகவே நின்றபடி டேக்கிள் போடுவதிலும், பந்து தரையில் குத்துவதற்கு முன்பே எட்டிப் பிடிப்பதிலும் உள்ளூர் ஆட்கள் தேறிவிடுகிறார்கள். கடலூரில் இன்னொரு வசதி தேவனாம்பட்டினம் கடற்கரை. மணலில் ஓட, கெட்டித் தரையில் ஓடுவதைப்போல ஏறத்தாழ 1.6 மடங்கு சக்தி செலவாகும் என்று ஆய்வாளர்கள் அளந்திருக்கிறார்கள். காசு செலவில்லாத உடற்பயிற்சிக்கூடம்.

ஸ்டாப்பர் தனியாள் வேலை பார்ப்பவர் என்று நினைத்துவிடக் கூடாது. இருவர் ஜோடி. ஒருவர் பந்தை நோக்கிப் போனால் மற்றவர் அவருக்குப் பின்னால் சற்றே உள்வாங்கிக் கவர் நிற்பார். இருவரும் ஒரே நேரத்தில் போனாலும் கோல், இருவரும் "நீ போவாய்" என்று நின்றாலும் கோல். அதனால்தான் இத்தனை சத்தம். "ஏறு", "இறங்கு", "என் பால்", "பின்னாடி ஆளு", "கீப்பர் விடு". வாய் பேசாத ஸ்டாப்பரை எந்த கோல்கீப்பரும் விரும்ப மாட்டார்.

ஸ்டாப்பர் என்ற இடம் உருவானதற்கே ஒரு விதிமாற்றம் காரணம். 1925 வரை, முன்னால் நிற்பவருக்கும் எதிரணியின் கோல் கோட்டுக்கும் இடையே எதிரணியினர் மூன்று பேர் இல்லாவிட்டால் ஆஃப்சைட். ஒரு பேக் நைசாக முன்னே ஏறினால் போதும், விசில் ஒலித்துவிடும். ஆட்டம் சப்பென்று ஆனதால் அந்த ஆண்டு மூன்றை இரண்டாக்கினார்கள். இங்கிலாந்து லீக்கில் 1924-25இல் விழுந்த கோல்கள் 4,700; அடுத்த பருவத்தில் 6,373. 1925 அக்டோபரில் நியூகாசிலிடம் ஆர்சனல் 7-0 என்று உதை வாங்கியது. அதற்குப் பிறகு அதன் மேலாளர் ஹெர்பர்ட் சாப்மன், நடுக்களத்தில் திரிந்த சென்டர் ஹாஃபைப் பின்னுக்கு இழுத்து இரண்டு பேக்குகளுக்கு நடுவே நிறுத்தினார். இன்றைய ஸ்டாப்பரின் பிறப்பு ஏறக்குறைய அங்கேதான்.

நம் ஊர் மின்னொளி எழுவர் போட்டிகளில் பெரும்பாலும் ஆஃப்சைடே கிடையாது. எதிரணி ஆள் ஒருவன் கீப்பரின் மூக்குக்கு முன்னால் போய் நின்றுகொள்ளலாம். பதினொருவர் ஆட்டத்தில் கோட்டை ஏற்றி இறக்கிப் பொறி வைத்த ஸ்டாப்பர் இங்கே ஆளை விட்டு ஓரடி நகர முடியாது. ஒரே வாரத்தில் இரண்டையும் ஆடும் பையன்கள் இருக்கிறார்கள். அவர்கள் தலைக்குள் எப்படி மாற்றிக்கொள்கிறார்கள் என்பது எனக்கு இன்றும் வியப்புதான்.

இதைவிடப் பெரிய வேறுபாடு லீக்குக்கும் நாக்-அவுட்டுக்கும் இடையே இருக்கிறது. நாக்-அவுட்டில் ஒரு தப்பு செய்தால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். ஆகவே ஸ்டாப்பர் ஆபத்தே வேண்டாமென்று பந்தைக் கண்டதும் தூக்கி அடிப்பார். காலில் நிறுத்தி, நிமிர்ந்து பார்த்து, நடுக்களத்துக்குக் கொடுக்கும் பொறுமை வாராவாரம் ஆடும் லீக்கில்தான் வரும். இந்த வாரம் சொதப்பினால் அடுத்த வாரம் சரிசெய்யலாம். மாவட்டக் கால்பந்து பெரும்பாலும் கோப்பைப் போட்டிகளை நம்பி ஓடுவதால் நம்மிடம் நன்றாக அடித்து விலக்கும் ஸ்டாப்பர்கள் அதிகம், ஆட்டத்தைக் கட்டி எழுப்பும் ஸ்டாப்பர்கள் குறைவு. இது என் அபிப்பிராயம், மறுப்பவர்கள் மறுக்கலாம்.

வாராவார லீக்கின் பலனை இங்கிலாந்தில் பார்க்கலாம். அங்கே முதல் நான்கு அடுக்குகளில் உள்ள 92 கிளப்புகளுக்குக் கீழே கிடக்கும் உலகத்தை நான்-லீக் என்பார்கள். பெயர்தான் அப்படி; அங்கேயும் அடுக்கடுக்காக லீக்குகள் உண்டு. பகலில் வேலை, இரண்டு மாலை பயிற்சி, சனிக்கிழமை ஆட்டம். ஸ்டூவர்ட் பியர்ஸ் என்ற லெஃப்ட் பேக் எலெக்ட்ரீஷியன் வேலை பார்த்துக்கொண்டே வீல்ட்ஸ்டன் என்ற நான்-லீக் கிளப்பில் ஆடியவர். 1983இல் கவன்ட்ரி சிட்டி அவரை எடுத்தது. பின்னர் நாட்டிங்ஹாம் ஃபாரஸ்டுக்குப் போனபோதும், கால்பந்து சோறு போடுமா என்ற சந்தேகத்தில் கிளப்பின் ஆட்டக் கையேட்டிலேயே வயரிங் வேலைக்கு விளம்பரம் கொடுத்தார். கடைசியில் இங்கிலாந்துக்காக 78 ஆட்டங்கள். கிறிஸ் ஸ்மாலிங்கும் மெய்ட்ஸ்டன் என்ற நான்-லீக் கிளப்பிலிருந்து ஃபுல்ஹாம் வழியாக மான்செஸ்டர் யுனைடெட் போன ஸ்டாப்பர்தான். வாராவாரம் ஆட்டம் இருந்ததால் யாரோ ஒருவர் வந்து திரும்பத் திரும்பப் பார்க்க முடிந்தது. ஸ்டாப்பரின் அருமை ஒரே ஆட்டத்தில் தெரியாது, பத்து ஆட்டம் பார்க்க வேண்டும். ஸ்ட்ரைக்கருக்கு ஒரு கோல் போதும்.

கடலூர் மாவட்டத்திலிருந்து பெயர் வாங்கியவர்களை எடுத்துக்கொண்டால் இது விளங்கும். எஸ். மாரியப்பன் நடத்திய இந்திரா காந்தி விளையாட்டு, கல்வி அகாடமியில் உருவான இந்துமதி கதிரேசன் நடுக்களம். பண்ருட்டி சந்தியா ரங்கநாதன் முன்களம். சுமித்ரா காமராஜும் அப்படியே. மூவரும் இந்திய அணிக்கு ஆடியவர்கள். 2018 பிப்ரவரியில் கட்டாக்கில் மணிப்பூரை 2-1 என்று வென்று தமிழ்நாடு தேசிய மகளிர் கோப்பையை எடுத்தது. 2019 மே மாதம் சேது எஃப்சி இந்திய மகளிர் லீக்கை வென்றபோது இந்துமதியும் சந்தியாவும் அந்த அணியில் இருந்தார்கள். இந்த அணிகளின் பின்வரிசையில் நின்ற பெண்களின் பெயரை யாராவது கடகடவென்று சொல்வார்களா? எதிரணி அடிக்காமல் போன கோலை எழுதிவைக்க ஸ்கோர் ஷீட்டில் கட்டமே இல்லை.

மகளிருக்கு 2017 தொடக்கம் வரை தேசிய அளவில் லீக்கே கிடையாது. அதற்கு முந்தைய தலைமுறைப் பெண் ஸ்டாப்பருக்கு மாவட்டத் தேர்வு, மாநிலத் தேர்வு, பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டி, அவ்வளவுதான் பாதை. தேர்வில் இருபது நிமிடம் ஆட விடுவார்கள். அந்த இருபது நிமிடத்தில் பந்து அவர் பக்கம் வராமலே போகலாம். அவர் சரியான இடத்தில் நின்றதால்தான் வரவில்லை என்று யாரிடம் போய் விளக்குவது?

ஆண்களில், பின்களத்தில் ஆடியும் பெயர் வாங்கிய விதிவிலக்கு ஒருவர் உண்டு. நெய்வேலியில் 1992இல் பிறந்த எட்வின் சிட்னி வான்ஸ்பால். 2018-19 ஐ-லீக்கை வென்ற சென்னை சிட்டி அணியில் இருந்தவர், அதன்பின் சென்னையின் எஃப்சிக்குப் போனார். ரைட் பேக்காகவும் ஆடுவார், நடுக்களத்திலும் ஆடுவார், பயிற்சியாளர் சொல்லும் இடத்தில் நிற்பார். பின்களத்தில் மட்டுமே ஆடுவேன் என்று இருந்திருந்தால் இந்த அளவுக்குக் கவனிக்கப்பட்டிருப்பாரா என்று கேட்கத் தோன்றுகிறது.

மற்றவர்களுக்குக் கால்பந்து என்பது வேலைக்கான படி. காவல்துறை, ரயில்வே, வங்கி, அரசுப் பணியில் விளையாட்டு ஒதுக்கீடு. இந்துமதியே போலீஸ் சப்-இன்ஸ்பெக்டர். வேறு சிலர் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் போன்ற இடங்களில் உடற்கல்வி படித்துவிட்டுப் பள்ளியில் பி.டி. வாத்தியாராகப் போவார்கள். இதில் குறைவு ஒன்றும் இல்லை. 1951 ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற இந்திய அணியின் கேப்டன் சைலேன் மன்னா ஒரு பேக். அவருக்குச் சம்பளம் கொடுத்தது இந்திய நிலவியல் ஆய்வுத்துறை.

ஆனால் சம்பளம் இல்லாமல் ஆடுபவருக்கும் உடம்பு அதே விலையைக் கேட்கும். கணுக்கால், முழங்கால் எல்லாருக்கும் தெரிந்தது. தலையைப் பற்றித்தான் நாம் பேசுவதில்லை. உயரப் பந்தை விலக்குவது ஸ்டாப்பரின் தினசரி வேலை. ஸ்காட்லாந்தின் முன்னாள் தொழில்முறை ஆட்டக்காரர்களை கிளாஸ்கோ பல்கலைக்கழகம் ஆராய்ந்தது. நரம்புச் சிதைவு நோயால் இறப்பது பொதுமக்களைவிட அவர்களிடம் சுமார் மூன்றரை மடங்கு அதிகம் என்று 2019இல் வெளியானது. 2021இல் இடவாரியாகப் பிரித்துப் பார்த்தபோது, கோல்கீப்பர்களிடம் இந்த நோய்கள் பெரிய அளவில் கூடவில்லை; தடுப்பாட்டக்காரர்களிடம் ஏறத்தாழ ஐந்து மடங்கு. அந்த ஆண்டே இங்கிலாந்தில், ஒரு வாரப் பயிற்சியில் வேகமான ஹெட்டிங் பத்துக்கு மேல் வேண்டாம் என்று வழிகாட்டுதல் வந்தது.

நம் மைதானங்களில் கார்னர் பயிற்சி என்றால் ஒரே ஸ்டாப்பர் தொடர்ந்து முப்பது, நாற்பது பந்தைத் தலையால் அடிப்பது சாதாரணம். கழுத்தை இறுக்கி, வாயை மூடி, கண்ணைத் திறந்து, நெற்றியின் நடுவில் வாங்க வேண்டும் என்ற முறையைச் சொல்லிக்கொடுப்பவர்கள் உண்டு. எண்ணிக்கையை யாரும் எண்ணுவதில்லை. எடை குறைந்த பந்தை வைத்து, கையால் தூக்கிப்போட்டு முறையைப் பழக்கிவிட்டு, நிஜ கார்னரை நாலைந்தோடு நிறுத்திக்கொள்ள எந்த அகாடமிக்கும் காசு செலவாகாது. இந்த ஒரு விஷயத்தில் எழுவர் ஆட்டம் தேவலை. மைதானம் சின்னது, பந்து பெரும்பாலும் தரையோடுதான் போகும்.