சான்றிதழில் தொடங்கும் ஆய்வு

பட்டியல் சாதி, பழங்குடி, பிற்படுத்தப்பட்ட சமூகங்களிலிருந்து வரும் இளம் ஆய்வாளர்களுக்கென அரசு தனியாக நிதி ஒதுக்குகிறது. முனைவர் பட்ட ஆய்வுக்கான தேசிய உதவித்தொகை ஆண்டுதோறும் பட்டியல் சாதியினரில் 2,000 பேருக்கும், இதர பிற்படுத்தப்பட்டோரில் 1,000 பேருக்கும், பழங்குடியினரில் 750 பேருக்கும் உரியது. முதல் இரண்டும் நெட் தேர்வின் தரவரிசைப்படி கிடைப்பவை. 2023 ஜனவரி முதல் தொகை முதலிரண்டு ஆண்டுகளுக்கு மாதம் 37,000 ரூபாய், பிறகு 42,000. பழங்குடியினருக்கான திட்டத்தில் முதுகலை மதிப்பெண்தான் அளவுகோல். தமிழக அரசின் முதலமைச்சர் ஆராய்ச்சி உதவித்தொகை மாதம் 25,000 ரூபாய். அதற்குரிய தகுதித் தேர்வை ஆசிரியர் தேர்வு வாரியம் நடத்துகிறது. முனைவர் பட்டத்துக்குப் பிறகு பெண் விஞ்ஞானிகளுக்கு மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறையின் வைஸ்-கிரண் திட்டங்கள் உண்டு.

இந்தத் திட்டங்கள் எட்ட வேண்டிய ஊர்களில் ஒன்றான கிளியனூர், விழுப்புரம் மாவட்டத்தின் வானூர் வட்டத்தில், திண்டிவனம்–புதுச்சேரி சாலையில் இருக்கிறது. கிழக்கே மரக்காணம் உப்பளங்கள். இடையே 2021இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட கழுவேலி ஈரநிலம். நிலத்தடி நீரில் உப்பேறுவதையோ வலசைப் பறவைகளையோ ஆராய விரும்பும் இப்பகுதி மாணவருக்கு ஆய்வுக்களம் வாசலிலேயே கிடக்கிறது. மத்தியப் பல்கலைக்கழகமும் தொலைவில் இல்லை, காலாப்பட்டில்தான். தடை பெரும்பாலும் அறிவியலில் வருவதில்லை, காகிதத்தில் வருகிறது.

பட்டியல் சாதிச் சான்றை வட்டாட்சியர் தருவார். பழங்குடிச் சான்றைத் தரும் அதிகாரம் கோட்டாட்சியருக்கோ சார் ஆட்சியருக்கோதான் உண்டு. இந்தக் கரையோர வட்டங்களில் வாழும் இருளர் குடும்பங்கள் பலவற்றில் பெற்றோரிடம் எந்தச் சான்றும் இருப்பதில்லை. அப்போது நேரடி விசாரணை நடக்கும், மாதக்கணக்கில் இழுக்கும். இரத்த உறவினர் ஒருவரின் மெய்யான சான்று இருந்தால் அதன் நகலை விண்ணப்பத்தோடு இணைப்பது பெரும் பலம். மறுக்கப்பட்டால் காரணத்தை எழுத்தில் கேட்டு வாங்கி மேல்முறையீடு செய்யலாம். வாய்மொழியாகச் சொல்லப்படும் ‘இல்லை’ மேல்முறையீட்டுக்கு உதவாது. திண்டிவனத்தில் பேராசிரியர் பிரபா கல்விமணி உருவாக்கிய பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கம் இத்தகைய சான்றுகளுக்காக நெடுங்காலம் போராடிவருகிறது.

மிகவும் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலிலுள்ள வன்னியர், மீனவர் வீட்டுப் பிள்ளைகளுக்கு வேறொரு பள்ளம் காத்திருக்கிறது. கையிலிருக்கும் மாநிலச் சாதிச் சான்று மத்திய அரசின் திட்டத்துக்குச் செல்லாது. மத்திய அரசின் படிவத்தில், வசதி படைத்த பிரிவினர் அல்லர் என்பதைக் காட்டும் இதர பிற்படுத்தப்பட்டோர் (ஓபிசி) சான்று தனியே வேண்டும். ஆண்டு வருமான வரம்பு 8 லட்சம். விவசாய வருமானம் அதில் சேராது. இதை அறியாமல், நிலம் இருக்கிறதே என்று விண்ணப்பிக்காமலே விட்டவர்கள் உண்டு. விண்ணப்ப இணையதளம் திறந்த பிறகு இச்சான்றுக்கு அலைந்தால் கடைசித் தேதி போய்விடும்.

தேர்வானதும் கவலை தீர்ந்தது என்று இருக்க முடியாது. பணம் ஆதாருடன் இணைந்த வங்கிக் கணக்குக்கு வரும். ஆய்வாளர் பணியில் இருப்பதைப் பல்கலைக்கழகம் உரிய தளத்தில் உறுதிசெய்தாக வேண்டும். அந்தப் பதிவு ஒரு மாதம் விடுபட்டால் தொகையும் நிற்கும். ஒரே நேரத்தில் இரண்டு உதவித்தொகை பெற்றால் திருப்பிக் கட்ட நேரிடும். திட்டமே நிறுத்தப்படுவதும் உண்டு: சிறுபான்மையினருக்கான மௌலானா ஆசாத் உதவித்தொகை 2022–23 முதல் கைவிடப்பட்டது. ‘உதவித்தொகை வாங்கித் தருகிறேன்’ என்று முன்பணம் கேட்பவர் யாராயினும் மோசடிக்காரரே. சைபர் குற்ற உதவி எண் 1930.

தொகை நின்றால் முதலில் துறைத்தலைவருக்கும் பதிவாளருக்கும் எழுத்தில் மனு கொடுத்து ஒப்புகை பெற வேண்டும். பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2023ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி பல்கலைக்கழகத்தில் மாணவர் குறைதீர்ப்புக் குழு இருக்க வேண்டும்; அதன் முடிவின் மீது குறைதீர்ப்பாளரிடம் முறையிடலாம். சாதிப் பாகுபாடு கலந்த புகார் என்றால் தேசியப் பட்டியல் சாதியினர் ஆணையம், பழங்குடியினர் ஆணையம், பிற்படுத்தப்பட்டோர் ஆணையம் ஆகியவற்றுக்கு உரிமையியல் நீதிமன்றத்தைப் போல அதிகாரிகளை அழைத்து விசாரிக்கும் அதிகாரம் உண்டு.

கோப்பு யார் மேசையில் நிற்கிறது என்பதை அறியத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் போதும். கட்டணம் 10 ரூபாய். பதில் தர 30 நாள் அவகாசம்.