உஷார்! உங்கள் வரிக் கோப்பில் இருப்பது யாருடைய போன் நம்பர்?

வங்கியில் நிலையான வைப்பு வைத்திருக்கிறீர்களா? அப்படியென்றால் இதை இன்றே வாசியுங்கள். வீட்டில் அம்மா, அப்பா பெயரில் வைப்பு இருந்தால் அவர்களுக்கும் வாசித்துக் காட்டுங்கள்.

இலங்கையில் 2025 ஏப்ரல் 1 முதல் வட்டியில் பிடிக்கிற வரி 5 வீதத்திலிருந்து 10 வீதமாகிவிட்டது. அதே நாளில் வருமான வரிக்கான ஆண்டு விலக்கு எல்லை 12 இலட்சத்திலிருந்து 18 இலட்சமாக உயர்ந்தது. இதனால் வரியே கட்டத் தேவையில்லாத ஆயிரக்கணக்கானவர்களின் வட்டியில் முன்பைவிட இரண்டு மடங்கு வெட்டு விழுகிறது. வெட்டிய பணத்தைத் திருப்பிக் கேட்க அவர்களுக்கு உரிமை உண்டு. அரசாங்கம் பணம் திருப்பித் தருகிறது என்ற செய்தி பரவும் இடத்துக்குக் கள்ளனும் வருவான். நான் பயப்படுவது அதற்குத்தான்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். மத்திய கிழக்கில் வருடக்கணக்காக உழைத்த பணத்தில் 40 இலட்சத்தை ஒரு குடும்பம் 8 வீத வட்டிக்குப் போட்டிருக்கிறது என்று வையுங்கள். ஆண்டு வட்டி 3,20,000 ரூபா. அதில் 32,000 ரூபா வரியாகப் போய்விடும். அந்தக் குடும்பத்துக்கு வேறு வருமானம் இல்லையென்றால் கட்ட வேண்டிய வரி ஒரு சதமும் இல்லை. ஆண்டு வருமானம் 18 இலட்சத்தைத் தாண்டாது என்று வங்கியில் பிரகடனப் படிவம் கொடுத்தால் பிடிப்பதை நிறுத்துவார்கள். ஒருமுறை கொடுத்துவிட்டோம் என்று இருந்துவிடாதீர்கள், ஒவ்வொரு வரியாண்டுக்கும் புதிதாகக் கொடுக்க வேண்டும். ஏற்கெனவே பிடித்த பணத்தை வங்கி திருப்பித் தராது. அது உள்நாட்டு இறைவரித் திணைக்களத்துக்குப் போய்விட்டது. அங்கே வருமான அறிக்கை போட்டு மீளளிப்புக் கேட்க வேண்டும்.

அதற்கு டின் எனப்படும் வரி செலுத்துநர் இலக்கம் வேண்டும். இங்கேதான் நம்மூர் ஆபத்து தொடங்குகிறது. 2024 ஜனவரி 1 முதல் 18 வயதுக்கு மேற்பட்ட எல்லோரும் டின் இலக்கம் எடுக்க வேண்டும் என்றார்கள். நடைமுறைக் கணக்குத் திறக்க, கட்டட வரைபட அனுமதி பெற, வாகனம் பதிய எல்லாவற்றுக்கும் அது வேண்டும் என்று வந்தது. படுவான்கரையில் இருந்து ஆற்றைக் கடந்து வருபவர் என்ன செய்வார்? களுவாஞ்சிக்குடியிலோ மட்டக்களப்பு நகரத்திலோ ஒரு கொமினிகேசன் கடையில் அடையாள அட்டையைக் கொடுத்து, "தம்பி, பதிஞ்சு தாங்க" என்பார். படிவம் மின்னஞ்சல் கேட்கும். அவரிடம் இல்லை. கடைக்காரத் தம்பி, உதவி செய்கிற மனத்தோடுதான், தன்னுடைய மின்னஞ்சலைப் போடுவார். சில நேரம் தன்னுடைய போன் நம்பரையும் போடுவார்.

வேலை முடிந்தது. ஆனால் ரமிஸ் என்கிற திணைக்களக் கணினி அமைப்பில் உங்கள் கோப்பைத் திறக்கும் இரகசிய இலக்கம் இப்போது யாருக்குப் போகும்? உங்களுக்கு அல்ல. அந்தக் கடையின் கணினியில் மின்னஞ்சல் நாள் முழுக்கத் திறந்தபடி கிடக்கிறது. கடை கைமாறலாம், வேலைக்கு நிற்கும் பையன் மாறலாம். அந்த இலக்கம் கையில் இருப்பவர் உங்கள் வருமான விபரத்தைப் பார்க்கலாம், உங்கள் பெயரிலேயே அறிக்கையும் போடலாம். கடைக்காரர்களைக் குற்றம் சாட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. அவர்கள் இல்லாவிட்டால் பாதிப் பேருக்கு டின் இலக்கமே கிடைத்திருக்காது. ஆனாலும் உங்கள் கோப்பின் திறப்பு உங்கள் வீட்டில்தான் இருக்க வேண்டும்.

ஆகவே, அடையாள அட்டையை எடுத்துக்கொண்டு மட்டக்களப்பிலுள்ள திணைக்களத்தின் பிராந்திய அலுவலகத்துக்குப் போங்கள். போக முடியாவிட்டால் 1944 க்கு எடுங்கள். "என்னுடைய கோப்பில் எந்த போன் நம்பர், எந்த மின்னஞ்சல் இருக்கு?" என்று கேளுங்கள். உங்களுடையது இல்லையென்றால் மாற்ற என்ன செய்ய வேண்டும் என்று அப்போதே கேட்டு மாற்றிவிடுங்கள். மகளின் மின்னஞ்சல் பரவாயில்லை, கடையின் மின்னஞ்சல் வேண்டாம்.

அடுத்தது குறுஞ்செய்தி. "உங்களுக்கு வரி மீளளிப்பு வந்துள்ளது, இந்த லிங்கைத் தொடுங்கள்" என்று எது வந்தாலும் தொடாதீர்கள். இந்தியாவில் 2023 ஓகஸ்டில் 15,490 ரூபா மீளளிப்பு அனுமதிக்கப்பட்டதாக ஒரு செய்தி போன் போனாகப் பரவியது. அது பொய் என்று அந்த நாட்டு அரசின் பத்திரிகைத் தகவல் பணியகமே அறிவிக்க வேண்டி வந்தது. இங்கே தபால் திணைக்களத்தின் பெயரில் பார்சல் வந்திருக்கிறது, சிறு கட்டணம் கட்டுங்கள் என்று வந்த பொய் லிங்குகளை மறந்திருக்க மாட்டீர்கள். அதே தந்திரம் வரியின் பெயரிலும் வரலாம். "ரமிஸ் அப்டேட், இதை இறக்குங்கள்" என்று வாட்ஸ்அப்பில் ஒரு கோப்பு வந்தால் உடனே அழித்துவிடுங்கள். அறிக்கை போட உங்கள் போனில் எதையும் இறக்கத் தேவையில்லை. ird.gov.lk என்ற முகவரியை நீங்களே தட்டித் திறந்தால் போதும். பணம் தருகிறவருக்கு உங்கள் ஓடிபி எதற்கு? ஓடிபி கேட்கிறவன் எடுக்க வந்தவன்.

கள்ளனே வராமலும் பணம் போகலாம். வியாபாரிகளே, உங்கள் கணக்குப்பிள்ளை பழைய எக்செல் தாளில் கணக்குப் பார்க்கிறாரா என்று பாருங்கள். காத்தான்குடியில் கடை வைத்திருக்கும் ஒருவரின் 2025/26 மொத்த வருமானம் 20 இலட்சம், அதில் 6 இலட்சம் வங்கி வட்டி என்று எடுப்போம். வங்கி 60,000 ரூபா பிடித்துவிட்டது. புதிய முறையில் 18 இலட்சம் போக மீதி 2 இலட்சத்துக்கு 6 வீதம், அதாவது 12,000 ரூபாதான் வரி. அவருக்கு 48,000 ரூபா திரும்பி வர வேண்டும். முந்தைய ஆண்டின் தாளில் போட்டால் 12 இலட்சம் போக 8 இலட்சம் மிஞ்சும். முதல் 5 இலட்சத்துக்கு 6 வீதம், அடுத்த 3 இலட்சத்துக்கு 12 வீதம், ஆக 66,000 ரூபா. வர வேண்டிய 48,000 போய், இன்னும் 6,000 கட்டு என்று தாள் சொல்லும்! அவரும் நம்பிக் கட்டிவிடுவார். 2024/25 அறிக்கைக்குப் பழைய எல்லை, 2025/26 க்குப் புதிய எல்லை. இரண்டையும் குழப்பாதீர்கள். 2025/26 அறிக்கைக்குச் சட்டப்படி கடைசி நாள் 2026 நவம்பர் 30. அதற்கு முன் வங்கியில் வரி பிடித்த சான்றிதழைக் கேட்டு வாங்கி வையுங்கள். மீளளிப்புக் கேட்கும்போது அதுதான் உங்கள் சாட்சி.

வீட்டுக்குக் கட்டும் சோலை வரியை இதோடு சேர்த்துக் குழப்புகிறவர்களும் உண்டு. சோலை வரியை வாங்குவது மாநகர சபை, நகர சபை, பிரதேச சபைகள். இறைவரித் திணைக்களம் அதைத் திருப்பித் தரும் என்று யாராவது சொன்னால் அது பொய். சொந்த வீட்டுக்குக் கணிப்பு வாடகை வரி என்று சர்வதேச நாணய நிதியத் திட்டத்தில் பேசப்பட்டது 2025 ஏப்ரலில் வரவில்லை, தள்ளிப்போனது. "வீட்டு வரிக்குப் பதிய வந்திருக்கிறோம்" என்று வாசலில் நின்று உறுதிப் பத்திரமும் வங்கிப் புத்தகமும் கேட்பவரிடம் எதையும் காட்டாதீர்கள். முதலில் கிராம சேவகரைக் கூப்பிடுங்கள்.

ஏற்கெனவே லிங்கைத் தொட்டு ஓடிபி இலக்கத்தைக் கொடுத்துவிட்டீர்களா? வெட்கப்பட்டு மறைக்க வேண்டாம், பிள்ளைகள் ஏசுவார்கள் என்று காலை வரை காத்திருக்கவும் வேண்டாம். அந்த நிமிடமே வங்கியின் அவசர இலக்கத்துக்கு எடுத்துக் கணக்கையும் அட்டையையும் முடக்கச் சொல்லுங்கள். பிறகு இணையப் பாதுகாப்பைக் கவனிக்கும் இலங்கை சேர்ட் நிறுவனத்தின் 101 க்கு எடுங்கள். வந்த செய்தியை அழிக்காமல் போனோடு பொலிஸ் நிலையத்துக்குக் கொண்டுபோய் முறைப்பாடு எழுதி, அதன் இலக்கத்தைக் கேட்டு வாங்குங்கள்.